டர்க்கி – வான்கோழிப் படம்

டர்க்கி: திரைத்துறை வழக்கில், தன்னைப் பெரிய படமாக நினைத்துக்கொண்டு மண்ணைக் கவ்விய மட்டமான படம். அதனாலேயே சிலருக்கு மிகவும் பிடித்துப்போகும் படம்.

பொருளின் இரண்டாவது பாதி பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 1920களின் இறுதியில் அமெரிக்க நாடகக்காரர்கள் தேறாத நாடகத்தை டர்க்கி என்றார்கள்; அங்கிருந்து சொல் சினிமாவுக்குப் போனது. டர்க்கி என்றால் வான்கோழி; அந்தப் பறவையின் பெயரே ஒரு குழப்பத்தில் பிறந்ததுதான். துருக்கி வணிகர்கள் வழியாக வந்த கினிக்கோழியின் பெயரை ஆங்கிலேயர்கள் அமெரிக்கப் பறவைக்கும் சூட்டிவிட்டார்கள். துருக்கியர்களோ அதே பறவையை ‘ஹிந்தி’, அதாவது இந்தியாவைச் சேர்ந்தது, என்கிறார்கள்!

மட்டமான படத்தை ரசிப்பதற்கு ஓர் ஊக்கம் கிடைத்தது 1980இல். ஹாரி மெட்வெட், மைக்கேல் மெட்வெட் சகோதரர்கள் ‘தங்க டர்க்கி விருதுகள்’ என்ற பொருளுடைய தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார்கள். உலகின் மிக மோசமான படம் என்ற பட்டம் எட் வுட் இயக்கிய ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்துக்குப் போனது. அதன் நடிகர் பெலா லுகோசி படம் முடியும் முன்பே, 1956இல், இறந்துவிட்டார். எட் வுட் அசரவில்லை. தன் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்தவரை அழைத்து, முகத்தை மேலங்கியால் மறைத்தபடி நடக்கவைத்து, மிச்சக் காட்சிகளை முடித்தார். அந்த மனிதருக்கும் லுகோசிக்கும் உருவப் பொருத்தம் துளியும் கிடையாது. இந்தத் துணிச்சலுக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

சண்டைப் படங்களில் என் தேர்வு 1996இல் வந்த ‘ஸ்கைஸ்கிரேப்பர்’. நாயகி அன்னா நிக்கோல் ஸ்மித். பிளேபாய் மாடலாகப் புகழ்பெற்று, 26 வயதில் 89 வயது எண்ணெய்க் கோடீசுவரரை மணந்து, கிசுகிசுப் பத்திரிகைகளுக்கு ஆண்டுக்கணக்கில் தீனி போட்டவர். மோசமான புதுமுகத்துக்கான ராஸி விருது அதற்கு முன்பே அவர் கையில் இருந்தது. படத்தின் கதை அப்படியே ‘டை ஹார்ட்’ (1988): வானளாவிய கட்டடம், பயங்கரவாதிகள், தன்னந்தனியாகப் போராடும் ஒருவர். அங்கே போலீஸ்காரக் கணவன் உள்ளே மாட்டினான். இங்கே போலீஸ்காரரின் மனைவி, ஹெலிகாப்டர் ஓட்டுபவர், மாட்டுகிறார். வில்லன் ஷேக்ஸ்பியர் வரிகளை ஒப்பிக்கிறான். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே நாயகிக்குப் படுக்கையறை நினைவுகள் வருகின்றன. உயிர் போகிற நேரத்து வசனத்தையும் அவர் மளிகைக் கணக்குபோல வாசிக்கிறார். சிரிக்காமல் பார்க்க முடியாது. பாதியில் எழுந்து போகவும் முடியாது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘குப்பைப் படம்’ போதாது. குப்பையை யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை. ‘தோல்விப் படம்’ வசூலை மட்டும் சொல்கிறது. நேர்பெயர்ப்பாகத் தோன்றும் ‘வான்கோழிப் படம்’தான் உண்மையில் நம் வீட்டுச் சொல். மூதுரை சொல்லிவிட்டது:

கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி
தானும் அதுவாகப் பாவித்துத் தானுந்தன்
பொல்லாச் சிறகைவிரித் தாடினாற் போலுமே
கல்லாதான் கற்ற கவி.

பாட்டின் வான்கோழியும் அமெரிக்கப் பறவையும் ஒன்றுதானா என்பது வேறு வழக்கு. ‘பாவித்து’ என்ற சொல்தான் இங்கே முக்கியம். அந்தக் கோழி கேலிக்காக ஆடவில்லை. தன்னை மயிலென்றே நம்பி ஆடுகிறது. அமெரிக்கச் சொல்லில் தோல்வி மட்டும் இருக்கிறது. நம் வான்கோழியிடம் மயிலும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. ‘ஸ்கைஸ்கிரேப்பர்’ படத்துக்கு ‘டை ஹார்ட்’தான் கானமயில்.

ஆகவே வேண்டுமென்றே மட்டமாக எடுக்கப்படும் படங்களை இந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. சூறாவளி சுறாமீன்களை அள்ளிவந்து நகரத்தில் கொட்டும் ‘ஷார்க்நேடோ’ (2013) அப்படிப்பட்டது. பார்ப்பவர் சிரிப்பதற்கு முன்பே படம் கண்ணடித்துவிடுகிறது. அதற்குப் ‘பகடிப் படம்’ என்ற பெயரே போதும்.