அரைஞாண் கயிறும் ஒரு டிராஃபிக் டிக்கெட்டும்

"எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்க சார்." இந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு அரை மணி நேரம் ஆனது. அதற்கு முன்னாலேயே மனைவியைக் காரில் போய் உட்காரச் சொல்லிவிட்டார். மென்பொருள் வேலை, இரண்டு குழந்தைகள், நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்பது வருடம். வேகமாக ஓட்டியதற்கு ஒரு டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, வாங்கியிருந்தார். நடுவில் அபார்ட்மென்ட் மாறினார். கோர்ட் கடிதம் பழைய முகவரிக்குப் போனது. ஆஜராகவில்லை என்று வாரண்ட் போட்டுவிட்டார்கள். ஒரு ராத்திரி, பின்விளக்கு எரியவில்லை என்று வண்டியை நிறுத்திய போலீஸ்காரரின் கணினியில் அந்த வாரண்ட் வந்து நின்றது. அன்றிரவு கவுண்டி ஜெயில், நம்மூர் மாவட்டச் சிறை மாதிரி. வாயைத் திற, கையைத் தூக்கு, திரும்பிக் குனி, இருமு. இதையெல்லாம் தரையைப் பார்த்தபடியே சொன்னவர், அரைஞாண் கயிற்றைக் கத்தரியால் வெட்டி எடுத்ததைச் சொல்லும்போது உடைந்துவிட்டார்.

நான் வக்கீல், டிராஃபிக் கேஸ்களே என் பிழைப்பில் பாதி. இப்படி வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: டிக்கெட் கட்டாதவனை நிர்வாணமாக்கிச் சோதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? கவுண்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டிக்கப்பட்டவர்கள் அல்ல, விசாரணையை எதிர்பார்த்து இருப்பவர்கள். அதனால் இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் கொஞ்சம் சுற்றுவழி.

இதே மாநிலத்தில் 2005-இல் ஆல்பர்ட் ஃபிளாரன்ஸ் என்பவர் குடும்பத்தோடு காரில் போய்க்கொண்டிருந்தார். ஓட்டியது மனைவி. வண்டியை நிறுத்திய போலீஸ், இவர் பெயரில் பழைய அபராதத்துக்கு வாரண்ட் இருக்கிறது என்று கைது செய்தது. அவர் அந்த அபராதத்தை எப்போதோ கட்டி முடித்துவிட்டார். கட்டியதற்கான கடிதத்தையும் கையிலேயே வைத்திருந்தார். கணினியில் மட்டும் வாரண்ட் அழியவில்லை. பர்லிங்டன் கவுண்டி ஜெயிலில் ஆறு நாள், அப்புறம் எஸ்ஸெக்ஸ் கவுண்டி. இரண்டு இடத்திலும் ஆடை களைந்து சோதனை. அவர் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 ஏப்ரலில் 5-க்கு 4 என்று தோற்றது. மற்ற கைதிகளோடு சேர்த்து அடைக்கப் போகிறவர் யாராக இருந்தாலும், சிறு குற்றம்தான் என்றாலும், தனியாகச் சந்தேகம் எதுவும் இல்லாமலே சோதிக்கலாம் என்றது தீர்ப்பு. ஓக்லஹோமா குண்டுவெடிப்பு நடத்திய மெக்வேயைப் பிடித்ததே நம்பர் பிளேட் இல்லாத காருக்காகத்தான் என்று உதாரணம் காட்டினார் நீதிபதி கென்னடி.

எதிர்த்து எழுதிய நீதிபதி பிரையர் கணக்கோடு பேசினார். நியூயார்க்கின் ஆரஞ்ச் கவுண்டியில் ஏறக்குறைய 23,000 பேரை இப்படிச் சோதித்ததில் ஏதாவது சிக்கியது அதிகபட்சம் ஐந்து தடவை. அதில் நாலு, சந்தேகம் வந்தவர்களை மட்டும் சோதித்திருந்தாலே கிடைத்திருக்கலாம். எனக்கு இன்றைக்கும் பிரையர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் சட்டம் கென்னடி எழுதியது. 2013 டிசம்பரில் இந்தியத் துணைத் தூதர் தேவயானி கோப்ரகடேயை நியூயார்க்கில் இப்படிச் சோதித்தபோது ஊரில் கொதித்தார்கள். இங்கே ஜெயில் நடைமுறை தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை.

சரி, அத்தோடு கதை முடிந்ததா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், சில வக்கீல்கள் உட்பட. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி அலிட்டோ ஒரு கோடு போட்டிருக்கிறார்: நீதிபதி முன் இன்னும் நிறுத்தப்படாத ஒருவரை, தனியாக வைக்க இடம் இருந்தும் சோதிப்பது எப்போதும் சரி என்று நாங்கள் சொல்லவில்லை என்று. அதைவிட முக்கியம் மாநிலச் சட்டம். அரசியல் சட்டம் தருவதைவிடக் கூடுதல் பாதுகாப்பை மாநிலம் தரலாம். கிரிமினல் குற்றம் என்று சொல்ல முடியாத சிறு மீறலுக்காகப் பிடிபட்டவரை நியாயமான சந்தேகமோ, வாரண்டோ, அவர் சம்மதமோ இல்லாமல் ஆடை களைந்து சோதிக்க நியூ ஜெர்சி சட்டம் பொதுவாக விடுவதில்லை. சோதிப்பவர் அதே பாலினமாக இருக்க வேண்டும், வேறு யார் கண்ணிலும் படக்கூடாது. கலிஃபோர்னியாவிலும் இதே மாதிரி சட்டம் உண்டு.

இன்னொரு வழி, சோதனை நடந்த விதம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் லின்வுட் பெண்கள் ஜெயிலில், கோர்ட்டுக்குப் போய்த் திரும்பும் பெண்களைப் பேருந்து நிற்கும் கொட்டகையில் கூட்டமாக வரிசையில் நிறுத்திச் சோதித்து வந்தார்கள், குளிரிலும்கூட. மாதவிலக்கில் இருந்தவர்கள் எல்லோர் முன்னாலும் நாப்கினை எடுக்க வேண்டியிருந்தது. அப்படிச் சோதித்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2017-இல் ஃபெடரல் நீதிபதி சொன்னார். 2019-இல் கவுண்டி 5.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

அதனால் ஒருவேளை மாட்டிக்கொண்டால் திமிறாதீர்கள், அது புதுக் கேஸாகிவிடும். "எனக்கு இதில் சம்மதம் இல்லை" என்று தெளிவாக ஒருமுறை சொல்லுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியே வந்த அன்றே உட்கார்ந்து எழுதுங்கள்: எத்தனை பேர் இருந்தார்கள், ஆணா பெண்ணா, கதவு திறந்திருந்ததா, கேமரா இருந்ததா. பொருட்களைத் திருப்பித் தரும்போது கொடுக்கும் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வீடு மாறினால் பழைய டிக்கெட் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று மாநிலத்தின் ஆன்லைன் பக்கத்தில் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. எல்லாவற்றையும்விடக் கெடு முக்கியம். கவுண்டி மீது மாநிலச் சட்டப்படி இழப்பீடு கேட்பதானால் பொதுவாக 90 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஃபெடரல் சிவில் உரிமை வழக்குக்கு நியூ ஜெர்சியில் இரண்டு வருடம்.

அவர் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். அன்றிரவு ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாராம். நாலாய் மடித்த காகிதத்தை என் மேசையில் பிரித்து வைத்தார். பர்ஸ், போன், பெல்ட், மோதிரம், கடைசி வரியில் "கயிறு, 1". நான் மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடமும் ஏழு வாரமும் ஆகியிருந்தது.