‘என்கிரிப்ட் பண்ணித்தான் சார் வெச்சிருக்கோம்’

புதுச்சேரியிலோ கடலூரிலோ தணிக்கைக்குப் போய், “பாஸ்வேர்டை எப்படிச் சேமிக்கிறீர்கள்?” என்று கேட்டால் வரும் பதில்தான் தலைப்பில் இருப்பது. மருத்துவமனை, சீட்டு நிறுவனம், கல்லூரி என்று எங்கும் இதே பதில். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

என்கிரிப்ட் என்பது பூட்டு. பூட்டு என்றால் சாவி உண்டு. அந்தச் சாவி பெரும்பாலும் அதே சர்வரில், கான்ஃபிக் ஃபைல் என்கிற அமைப்புக் கோப்பில் கிடக்கும். திருட வந்தவன் இரண்டையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போவான். சாவி சிக்காவிட்டாலும் தப்ப முடியாது. 2013-இல் அடோபியிலிருந்து கசிந்தவை ட்ரிபிள் டெஸ் என்ற என்கிரிப்ட் முறையில் பூட்டியவைதான். ஆனால் ஒரே பாஸ்வேர்டு வைத்த அத்தனை பேருக்கும் ஒரே எழுத்துக்கோவை வந்தது. பக்கத்திலேயே நினைவூட்டுக் குறிப்புகள் திறந்து கிடந்தன. அவர்களில் ஒருவர் குறிப்பில் விடையையே எழுதியிருந்தால் மற்றவர் எல்லோருடைய பாஸ்வேர்டும் தெரிந்துவிடும். சாவியே தேவையில்லை.

பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க உங்களாலேயே முடியக்கூடாது. அதற்குத்தான் ஹாஷ்: பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், திரும்பப் பிரிக்க முடியாத எழுத்துக்கோவை. லாகினில் மறுபடி ஹாஷ் போட்டு ஒப்பிட்டால் போதும். ஆனால் எம்டி5, ஷா-1 என்ற பழைய, வேகமான ஹாஷ் முறைகள் உதவாது. ஒரே ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு ஊகித்த பாஸ்வேர்டுகளுக்கு நொடிக்கு 10,000 கோடிக்கு மேல் எம்டி5 போட்டுப் பார்க்கும். 2012-இல் கசிந்த லிங்க்ட்இன் பாஸ்வேர்டுகள் சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் சேர்க்கும் தனித்தனி எழுத்துக்கோவை) இல்லாத ஷா-1.

வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹாஷ் முறையான ஆர்கான்2ஐடி வையுங்கள்: குறைந்தது 19 எம்பி நினைவகம், 2 சுற்று. முடியாவிட்டால் அதே வகையில் பழையதான பிகிரிப்ட், காஸ்ட் (எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்ற அளவு) 10-க்குக் குறையாமல். பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும். தமிழில் ‘கி’ ஒன்றே 6 பைட், அப்படி 12 எழுத்தோடு நின்றுவிடும். நீளத்தை முன்பே சோதியுங்கள்.

பழைய எம்டி5-ஐ மாற்ற, பயனர் வந்து லாகின் செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற ஹாஷின் மேலேயே இன்றிரவே பிகிரிப்ட் போடுங்கள். அவர் லாகின் செய்யும்போது பாஸ்வேர்டின் நேரடி ஹாஷாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன், டேட்டாபேஸில் ஹாஷைச் சேமிக்கும் பத்தியின் அகலம் 32 எழுத்து என்று இருந்தால் 255 ஆக்குங்கள். பிகிரிப்டின் 60 எழுத்து அந்த 32-இல் வெட்டுப்பட்டால் மறுநாள் காலை ஒருவராலும் உள்ளே வர முடியாது.

சர்வரில் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் லாக் ஃபைலையும் பாருங்கள். ட்விட்டர் பிகிரிப்ட்தான் வைத்திருந்தது. ஆனாலும் ஹாஷ் ஆகும் முன்பே பாஸ்வேர்டு உள் லாகில் பதிவானதால், 2018-இல் எல்லாப் பயனர்களையும் மாற்றச் சொல்ல வேண்டியதாயிற்று.

வாடிக்கையாளர்களே, ‘மறந்துவிட்டேன்’ என்றதும் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்புகிறார்களா? அங்கே வைத்ததை வேறெங்கும் வைக்காதீர்கள், தயவுசெய்து. பேங்குக்கும் அதுவே என்றால் இன்றே மாற்றுங்கள். பிஒய் 01, டிஎன் 31 என்று வண்டி எண்ணை வைப்பதும் வேண்டாம்.

நிறுவனத்தாருக்கு இன்னொன்று: மாற்றி முடித்ததும் பழைய பேக்கப்புகளைத் தேடி அழியுங்கள். பழைய எம்டி5 அங்கேதான் அப்படியே இருக்கும்.