இது புதிய சாணி வண்டு என்று எப்படித் தெரியும்?

காய்ந்துபோன வண்டின் காலைத் தொட்டாலே ஒடிந்துவிடும். அதனால் முதலில் அதை வெந்நீரில் ஊறப்போடுவார்கள். மூட்டுகள் இளகியதும் மல்லாக்கப் போட்டு, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, மெல்லிய தூரிகையால் வயிற்றிலும் கால் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் மண்ணையும் சாணத்தையும் துடைத்து எடுப்பார்கள். ஏழெட்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கறுப்பு வண்டு. உலகத்துக்குப் புதியது என்று சொல்லும்படி அதில் எதுவும் வெளிப்படையாகத் தெரியாது.

சாணி வண்டுகளில் இதுவரை பெயரிடப்பட்டவை 6,000-க்கும் மேல். ஓந்தோஃபேகஸ் என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 2,000-க்கும் அதிகமான இனங்கள். ஆகவே ‘புதியது’ என்று சொல்வதற்கு வண்டைப் பிடித்தால் போதாது, அது ஏற்கெனவே தெரிந்த எந்த உறவுக்கார வண்டும் இல்லை என்று காட்டியாக வேண்டும். உடற்கூறு விவரிப்பு எழுதப்படுவது அதற்காகத்தான். படிக்க வறட்சியாக இருந்தாலும், அதில் ஒவ்வொரு வரியும் இந்த வண்டைப் பக்கத்து வண்டிலிருந்து பிரித்துக் காட்டவே இருக்கிறது.

மல்லாந்து கிடக்கும்போதே துணைக்குடும்ப அடையாளம் பார்த்துவிடலாம். அசல் சாணி வண்டுகளில் நடுக்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று விட்டு நன்றாக விலகிப் பொருந்தியிருக்கும். பின்கால் நுனியில் ஒற்றை முள். முதுகை மூடும் கடினமான முன்னிறக்கைகள் வால் முனைத் தகடு வரை எட்டாமல் அதை வெளியே விட்டுவிடும். சாணத்திலேயே வாழும் இன்னொரு கூட்டமான அஃபோடியஸ் வகையறாவுக்குப் பின்காலில் இரண்டு முள் இருக்கும், அந்த வால் தகடும் மூடியிருக்கும். சரி, துணைக்குடும்பம் முடிவாகிவிட்டது. இனி தலை.

தலையின் முன்பக்கம் மண்வெட்டி போலத் தட்டையாக நீண்டு வாயை முழுக்க மறைத்திருக்கும். இந்த முகத்தகட்டின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா, நடுவில் பள்ளமா, இரண்டு பல்லா, ஆறு பல்லா என்பதெல்லாம் எழுதப்படும். இங்கே ஒரு பொறி உண்டு. மண்ணைத் தோண்டித் தோண்டி இந்தப் பற்கள் தேய்ந்துபோகும். முன்கால் வெளிவிளிம்பில் உள்ள பெரிய பற்களும் அப்படித்தான். வயதான வண்டைப் பார்த்து ‘பற்கள் மழுங்கியவை’ என்று எழுதினால் அந்த வண்டின் வயதை எழுதியதாகிவிடும், இனத்தை எழுதியதாகாது. அதனால்தான் ஒன்றுக்குப் பல வண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

முகத்தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் தாடை இந்த உடலின் வினோதமான பகுதி. வண்டு என்றதும் கடிக்கிற தாடைதான் நினைவுக்கு வரும். வளர்ந்த சாணி வண்டின் தாடையோ ஓரத்தில் மென்மையான சவ்வு, அதில் மயிர் வரிசை, அடியில் மட்டும் கெட்டியான அரைக்கும் பரப்பு என்று அமைந்திருக்கிறது. புல் நாரைக் கடித்துத் தின்பது அதன் வேலையே இல்லை. ஈரச் சாணத்திலிருந்து பெரிய துணுக்குகளை ஒதுக்கிவிட்டு, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு அளவுள்ள துகள்களை மட்டும் வடித்தெடுத்து விழுங்குகிறது. சத்து அந்தச் சேற்றில்தான் இருக்கிறது: பாக்டீரியா, விலங்கின் குடலிலிருந்து உதிர்ந்த செல்கள்.

உணர்கொம்பின் கடைசி மூன்று கணுக்கள் இலை இலையாக ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும். வண்டு மணம் தேடும்போது அவை விசிறிபோல் விரியும். கண்ணை எடுத்துக்கொண்டால், தலையின் பக்க விளிம்பு அதற்குள் நீட்டிக்கொண்டு மேல் பாதி, கீழ் பாதி என்று வெட்டுகிறது. மேலே தெரியும் பாதியின் அகலம் முக்கியமான அளவு, இரவில் பறக்கும் இனங்களுக்கு அது பெரிதாக இருக்கும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஸ்கேரபேயஸ் ஜாம்பேசியானஸ் என்ற ஆப்பிரிக்க வண்டு நிலவொளியின் முனைவாக்கத்தை (ஒளி அலைகள் ஒரே திசையில் அதிரும் தன்மையை) பார்த்து நேர்கோட்டில் சாண உருண்டையை உருட்டுகிறது என்று 2003-இல் காட்டினார்கள். அதன் உறவினமான ஸ்கேரபேயஸ் சட்டைரஸ், நிலா இல்லாத இரவில் பால்வெளி மண்டலத்தின் ஒளிப்பட்டையைத் திசைகாட்டியாகக் கொள்வது 2013-இல் தெரிந்தது.

அப்புறம் கால்கள். உருட்டும் வண்டுகளுக்குப் பின்கால்கள் நீண்டு மெலிந்திருக்கும், சாணத்தின் அடியிலேயே சுரங்கம் தோண்டுகிறவற்றுக்குக் குட்டையாகவும் நுனி விரிந்தும் இருக்கும். உருண்டைக்குப் பேர்போன ஸ்கேரபேயஸ் வண்டுகளுக்கு முன்காலில் பாதமே கிடையாது, கால் மொட்டையாக முடிந்துவிடும். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் ஒடிந்துவிட்டது என்றே நினைப்பார்கள். உடலின் வடிவம் வாழ்க்கையைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு நான் சொல்ல விரும்பும் உதாரணம் டெல்டோகைலம் வால்கம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது, சாணத்தை விட்டுவிட்டு உயிருள்ள மரவட்டைகளைக் கொன்று தின்கிறது என்று 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. உறவினங்களைவிடக் குறுகலான தலை, பல்லோடு கூடிய முகத்தகடு, நீண்டு வளைந்த பின்கால் எல்லாமே இரையைப் பிடித்து இழுத்து, கணுவைப் பிளந்து உள்ளே புகுவதற்கு வசதியானவை.

கொம்புக்கு வருகிறேன், அதிகம் ஏமாற்றுவது அதுதான். ஓந்தோஃபேகஸ் டாரஸ் இனத்தில் நன்றாகத் தீனி கிடைத்து வளர்ந்த ஆணுக்கு மாட்டுக் கொம்பு மாதிரி நீண்டு வளைந்த கொம்பு இருக்கும். புழுப் பருவத்தில் தீனி குறைந்த ஆணுக்குக் கொம்பு ஏறக்குறைய கிடையாது, பார்த்தால் பெண் மாதிரியே இருக்கும். பெரிய ஆண் சுரங்க வாசலில் நின்று சண்டை போடும், சிறியது பக்கவாட்டில் வழி தோண்டி உள்ளே நுழைந்துவிடும். இந்த இனத்து ஆண் தன் எடையைப்போல் 1,141 மடங்கு இழுக்க வல்லது என்று 2010-இல் அளந்தார்கள். அத்தனை வலு வாசலில் ஒருவரையொருவர் தள்ளும் போட்டிக்கானது. விவரிப்பு எழுதுகிறவருக்கு இதில் கிடைக்கும் எச்சரிக்கை வேறு: கொம்புள்ளது ஒரு இனம், கொம்பில்லாதது இன்னொரு இனம் என்று நினைத்து ஒரே வண்டுக்கு இரண்டு பெயர் வைத்துவிடலாம். நிறத்தையும் பெரிதாக நம்பக் கூடாது. பச்சை மினுக்கமும் செம்பு மினுக்கமும் ஒரே இனத்துக்குள்ளேயே மாறி மாறி வரும்.

அப்படியானால் எதை நம்புவது? மேல்தோலின் நுணுக்கத்தை ஓரளவு நம்பலாம். மார்புக் கவசத்தில் உள்ள குழிப்புள்ளிகள் நெருக்கமா, இடைவெளி விட்டா, ஒவ்வொரு புள்ளியிலும் மயிர் உண்டா, முன்னிறக்கையில் ஓடும் கோடுகள் எத்தனை, இடைப்பட்ட பட்டை தட்டையா, மேடா என்றெல்லாம் எழுதுவார்கள். ஆனால் பெரும்பாலும் கடைசித் தீர்ப்பைச் சொல்வது வயிற்றுக்குள் இருக்கிறது.

ஊறிய ஆண் வண்டின் வால் தகட்டை ஊசியால் மெல்ல நெம்பி, நுண் இடுக்கியால் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுப்பார்கள். அரக்கு நிறத்தில், சீமைக்கருவேல முள்ளின் நுனி அளவுக்குத்தான் இருக்கும். ஒரு குழாய், அதன் முனையில் பாராமியர் என்ற இரண்டு தகடுகள். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் அந்தத் தகடு கொக்கியாக வளைந்திருக்கலாம், இலையாக விரிந்திருக்கலாம். குழாய்க்குள்ளே ஒரு பை சுருண்டிருக்கும், அதில் கெட்டியான சிறு துண்டுகள். வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக இருக்கும் இரண்டு வண்டுகள் இந்தத் துண்டுகளின் வடிவத்தில் பிரிந்துவிடும். எடுத்த உறுப்பைக் கிளிசரின் உள்ள குட்டிக் குப்பியில் போட்டு, வண்டைக் குத்திய அதே ஊசியில் செருகி வைப்பார்கள். ஊசி எப்போதும் வலது முன்னிறக்கை வழியாகத்தான் போகும், இடது பக்கம் சேதமில்லாமல் கிடைக்கும்.

இப்படிப் பார்த்தவற்றில் ஒரு வண்டை அந்த இனத்தின் மூல மாதிரியாக, அதாவது ஹோலோடைப்பாகக் குறிக்க வேண்டும். 1999-க்குப் பிறகு வெளியிடப்படும் எந்த விலங்கினப் பெயருக்கும் மூல மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பது கட்டாயம் என்று சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதிகள் சொல்கின்றன. அடையாளம் ஆணுறுப்பில் இருப்பதால் சாணி வண்டுகளில் அந்த இடம் பெரும்பாலும் ஆணுக்கே போகிறது. பெண்ணின் பாடு கஷ்டம். நெருங்கிய இனங்களின் பெண்களைப் பார்வையால் பிரிக்கவே முடியாமல் போவதுண்டு. அப்போது ஒரு காலைப் பிய்த்து எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட துண்டைப் படித்து ஆணினுடையதோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்துவந்தால்தான் ‘பெண்’ என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரியை எழுத முடியும்.