பெட்டியில் வந்து இறங்கும் கார்கள்

எங்கள் பட்டறைக்குப் பழைய கார்கள் இரண்டு விதமாக வரும். டிரெய்லரில் ஏறி, தூசியும் எலிப் புழுக்கையுமாக, முழு உருவத்தோடு வருபவை ஒரு விதம். அட்டைப் பெட்டிகளில் வருபவை இன்னொரு விதம். முதல் வகை எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. எந்த போல்ட் எங்கே இருந்தது, எந்தத் தகட்டை யாரோ பிற்பாடு மாற்றினார்கள் என்பதெல்லாம் பார்த்தாலே தெரிந்துவிடும். பெட்டிக் காரில் எதுவும் தெரியாது.

இங்கிலாந்தில் கவென்ட்ரி பக்கம், பழைய கார்களைப் புதுப்பிக்கும் இந்த வேலையில் பல வருஷம் ஓட்டிவிட்டேன். துரு தின்ற கார்களைவிட, ஆசையாகப் பிரித்துப் போட்டுப் பாதியில் விட்ட கார்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் ஒருவர் ஜாகுவார் ஈ-டைப் ஒன்றை 31 பெட்டிகளில் கொண்டுவந்தார். 1961-ல் ஜெனீவா கண்காட்சியில் உலகமே வாய் பிளந்து பார்த்த கார். அந்தச் சமயத்தில் வந்த ஆரம்ப கார்களை அடையாளம் காண்பது எளிது. கால் வைக்கும் தரை தட்டையாக இருக்கும். முதல் சில நூறு கார்களில் போனட்டை வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். உயரமானவர்களுக்குக் கால் இடிக்கிறது என்று ஜாகுவார் 1962-ல் தரையைப் பள்ளமாக்கியது. இந்தக் காரின் பழைய சொந்தக்காரரும் அதே வசதிக்காகத் தட்டைத் தரையை வெட்டி எறிந்துவிட்டுப் பள்ளத் தரையை வெல்டு செய்து வைத்திருந்தார். நல்ல வெல்டிங், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காரை அரிதாக்கிய விஷயமே போய்விட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் முன்பக்கச் சட்டத்தில் இருந்தது. ஈ-டைப்பின் நடு உடல் ஒரே கூடு. இஞ்சினையும் முன் சக்கரங்களையும் தாங்குவது மெல்லிய குழாய்களால் ஆன தனிச் சட்டம், கூட்டோடு போல்ட் போட்டுப் பிணைத்திருப்பார்கள். குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. அதனால் பயந்து மாற்றுவதில் தப்பில்லை, நானும் மாற்றுகிறவன்தான். ஆனால் காரின் அடையாளமான சேஸி எண் அந்தச் சட்டத்தில்தான், வலப்பக்க ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடத்துக்கு மேலே பொறித்திருக்கும். புதுச் சட்டத்தை மாட்டிவிட்டுப் பழையதைக் காயலான் கடைக்குப் போட்டால் எண்ணும் அதோடு போய்விடும். 31 பெட்டியையும் கொட்டிப் பார்த்தோம். பழைய சட்டம் இல்லை.

எண்ணுக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்கலாம். 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கதையைச் சொல்கிறேன். 1929, 1930 என இரண்டு வருஷம் தொடர்ந்து பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த கார் அது. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்த பிறகு, வாங்க வந்தவர்கள் 'இது அசல் இல்லை' என்று பின்வாங்கினார்கள். வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. 1990-ல் தீர்ப்பு. லே மானில் ஓடிய பாகங்களில் அநேகமாக எதுவுமே மிச்சமில்லை என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனாலும் கார் ஒவ்வொரு கட்டமாக மாறி வந்ததே தவிர, அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை, ஆகவே இதுதான் அந்தக் கார் என்று விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். பழைய இரும்பே இல்லாத காரைக் காப்பாற்றியது எது? எந்தப் பாகம் எப்போது மாறியது என்று காட்ட முடிந்ததுதான்.

அதனால், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் கேமராவை எடுங்கள். ஒவ்வொரு குழாயும் வயரும் எந்த வழியாகப் போகிறது, எந்த கிளிப் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று நூற்றுக்கணக்கில் படம் எடுத்தாலும் போதாது. இஞ்சின், சிலிண்டர் ஹெட், கியர்பாக்ஸ், உடல் என்று எண் பொறித்த இடங்களையெல்லாம் எழுதிக்கொண்டு, அப்புறம் பழைய ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எம்ஜி, ஆஸ்டின் ஹீலி கார்களின் தயாரிப்புப் பதிவுகள் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன, கேட்டால் சான்றிதழ் தருவார்கள். ஜாகுவாருக்கு அதன் பாரம்பரிய அறக்கட்டளை தருகிறது. டிக்கி கம்பளத்துக்கு அடியிலும் டாஷ்போர்டின் பின்னாலும் பழைய பெயின்ட் கொஞ்சம் தப்பியிருக்கும். அதைச் சுரண்டிவிடாதீர்கள். கழற்றிய பாகம் எதையும் வேலை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

போல்ட்டுகளை ஒரே ஜாம் பாட்டிலில் போடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. போருக்குப் பிறகு வந்த எம்ஜி டிசி-யின் இஞ்சினில் மரை மெட்ரிக், போல்ட் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. இரண்டும் ஒத்துப்போகாத இந்தக் கல்யாணத்துக்கு அந்த இஞ்சின் தொழிற்சாலையின் பிரெஞ்சு பூர்வீகம்தான் காரணம். தலையை மட்டும் பார்த்து வேறொரு போல்ட்டை முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும்.

அடுத்தது வெல்டிங். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டை சில் என்போம். தனி சேஸி இல்லாத எம்ஜிபி போன்ற கார்களில், அதிலும் கூரை இல்லாத ரோட்ஸ்டர்களில், முழு பலமும் அங்கேதான் இருக்கிறது. துருப்பிடித்த சில்லுக்கு மேலேயே புதுத் தகட்டை ஒட்டிப் பட்டி தடவிப் பெயின்ட் அடித்து விற்கும் ஆசாமிகள் உண்டு. வாங்கும் முன் காரை நடுவில் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடுக்கினால் சில் செத்துவிட்டது என்று அர்த்தம். வெட்டி மாற்றுவதானால், கதவு வாய்க்குக் குறுக்கே முதலில் ஒரு இரும்புக் கம்பியை வெல்டு செய்து முட்டுக் கொடுங்கள். கதவை மாட்டி, இடைவெளியைப் பார்த்துப் பார்த்துத்தான் புது சில்லை ஒட்ட வேண்டும். முட்டுக் கொடுக்காமல் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டியவரின் கார் நடுவில் தொய்ந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். எம்ஜிபி என்றால் தப்பிக்க ஒரு வழி உண்டு. பழைய அச்சுகளைக் கொண்டே முழுப் புது உடலையும் 1988 முதல் செய்து விற்கிறார்கள். ஆஸ்டன் மார்ட்டின் டிபி4, டிபி5-க்கு அப்படி வாங்க முடியாது. அவற்றில் மெல்லிய இரும்புக் குழாய்க் கூட்டின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும். ஈரம் புகுந்தால் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

உங்கள் உடம்பையும் கொஞ்சம் பாருங்கள். அந்தக் காலத்துப் பிரேக் ஷூ, க்ளட்ச் தட்டு, கேஸ்கெட் எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்ததே 1999-ல்தான். பிரிக்காத பழைய பெட்டியில் பிரேக் ஷூ கிடைத்தது என்று குதிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. டிரம்முக்குள் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். தகடு சேரும் இடங்களில் அன்று ஈயம் பூசி நிரப்பினார்கள். அதை கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் ஈயத்தூள் நேராக நுரையீரலுக்குப் போகும்.

இருபது வருஷம் நின்ற காரை அன்றைக்கே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் பொறுத்து இஞ்சினைக் கையால் சுற்றுங்கள். பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்ப்பது முக்கியம். 3.8 லிட்டர் ஈ-டைப், 1967 வரை வந்த எம்ஜிபி எல்லாம் பாசிட்டிவ் எர்த். இன்றைய பழக்கத்தில் மாற்றி மாட்டினால் புது ரேடியோ புகைந்துவிடும். பிரேக் ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது விஷம், கொஞ்சம் விலை கொடுத்து சூப்பர் பெட்ரோல் போடுங்கள். ஸ்போக் வீலில் ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினால் 'டிங்' என்று கேட்க வேண்டும், 'டப்' என்று கேட்டால் கம்பி தளர்ந்திருக்கிறது.

2018 மே முதல், 40 வயதைத் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு இங்கே எம்ஓடி எனும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக நீங்களும் விட்டுவிடாதீர்கள். என் வாடிக்கையாளர்களை வருஷத்துக்கு ஒருமுறை நச்சரித்தாவது அனுப்புகிறேன்.

சரி, அந்த 31 பெட்டிக் கார். சொந்தக்காரர் தனக்கு விற்ற குடும்பத்தை மறுபடி தேடிப் போனார். அந்த வீட்டம்மாவுக்குச் சட்டம், எண் எதுவும் புரியவில்லை. 'தோட்டத்தில் ஒரு இரும்பு நிற்கிறது, அதுவா பாருங்கள்' என்றாராம். பின்பக்கச் சுவரில் சாய்ந்திருந்த அந்த இரும்பில் அவரைக்கொடி படர்ந்திருந்தது. கொடியை விலக்கி, பெயின்ட்டைத் துடைத்தால் எண், அதுவும் பதிவேட்டோடு பொருந்துகிற எண். இலை ஒட்டிய அந்தச் சட்டம் இப்போது எங்கள் பட்டறையில் 32-ஆவது பெட்டியில் இருக்கிறது.