ஐரோப்பா கேட்பது சுயாட்சியா?

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிய தமிழ்ச் செய்தி எதை எடுத்தாலும் ‘மூலோபாய சுயாட்சி’ வந்து நிற்கிறது. ‘ஸ்ட்ராட்டஜிக் அட்டானமி’ என்ற தொடரின் இரண்டு சொற்களையும் அகராதியில் தனித்தனியே தேடி, கிடைத்ததை ஒட்டவைத்ததால் பிறந்த தொடர் இது. ‘ஐரோப்பா மூலோபாய சுயாட்சி கோருகிறது’ என்று படிப்பவர், யாரிடம் கோருகிறது, யார் கொடுக்க மறுக்கிறார்கள் என்றுதான் கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை. தமிழில் சுயாட்சி என்பது ஒருவர் கேட்க, இன்னொருவர் கொடுக்க வேண்டிய ஒன்று. மத்திய, மாநில உறவை ஆராய 1969இல் அமைந்த ராசமன்னார் குழு, மாநில சுயாட்சி கேட்டு 1974இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம், ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்ற முழக்கம் எல்லாம் சேர்ந்து அந்தச் சொல்லுக்கு அப்படியொரு பொருளை ஊன்றிவிட்டன. மேலே ஓர் அரசு, கீழே ஓர் அரசு, இடையே அதிகாரப் பங்கீடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மேலே அப்படி எந்த அரசும் இல்லை.

சொற்பிறப்பு எளியது. ‘அவுட்டோஸ்’ என்றால் தான், ‘நோமோஸ்’ என்றால் சட்டம், வழக்கம். தன் சட்டத்தைத் தானே வகுத்துக்கொண்ட கிரேக்க நகரங்களைக் குறித்த சொல். ‘ஸ்ட்ராட்டோஸ்’ படை, அதை நடத்துபவன் ‘ஸ்ட்ராட்டேகோஸ்’. வேர் வரை போனால் ஆட்சியும் படையும்தான் கிடைக்கும். ஆனால் வேர்ப்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர், அந்தத் தொடர் எந்த மேசையில் எதற்காக எழுதப்பட்டது என்பதை விட்டுவிடுகிறார்.

அந்தத் தொடர் பிரெஞ்சுப் பாதுகாப்புத் துறையின் சொல்வழக்கு. 1994ஆம் ஆண்டு பாதுகாப்பு வெள்ளை அறிக்கையிலேயே இருக்கிறது. 1998 டிசம்பரில் சான் மலோ நகரில் பிரான்சும் பிரிட்டனும் வெளியிட்ட அறிக்கை, நம்பத்தக்க படைபலத்தோடு தானாகச் செயல்படும் ‘திறன்’ ஒன்றியத்துக்கு வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் ஒன்றியத்தின் தலைவர்கள் அதற்கு அளவும் குறித்தார்கள்: 60,000 வீரர்கள், 60 நாட்களுக்குள் களமிறக்கம், குறைந்தது ஓராண்டு அங்கே தாக்குப்பிடிப்பு. 2016 நவம்பரில் ஒன்றியத்தின் மன்றம், அதாவது உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் அவை, எடுத்த முடிவு இன்னும் தெளிவானது: தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில் தனியாக, இயன்ற இடத்திலெல்லாம் கூட்டாளிகளோடு. இவற்றில் எங்கும் ஆட்சி இல்லை, உரிமை இல்லை. எண்ணிக்கையும் நாட்கணக்கும் இருக்கின்றன. உரிமையை யாரும் 60 நாள் என்று அளப்பதில்லை. திறனைத்தான் அப்படி அளப்பார்கள்.

அந்தத் திறன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது, 2011இல் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த படைக்கூட்டணியான நேட்டோ லிபியாவில் குண்டு வீசியபோது தெரிந்தது. குண்டு போட்ட விமானங்களில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது, குண்டு போடும் முடிவில் முன்னின்றவர்களும் அவர்கள்தான். வானில் எரிபொருள் நிரப்பும் விமானங்களில் பெரும்பகுதி அமெரிக்காவினுடையது. குறி தவறாத குண்டுகளின் கையிருப்பும் சில நாடுகளுக்குச் சில வாரங்களிலேயே வற்றத் தொடங்கியது. முடிவெடுக்கும் அதிகாரம் முழுமையாக இருந்தது. எடுத்த முடிவை நிறைவேற்றும் வல்லமைதான் இல்லை. ‘சுயாட்சி’ என்ற சொல்லால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது.

‘சுயாட்சி வடமொழி கலந்தது, தன்னாட்சி என்று எழுதுங்கள்’ என்று திருத்துபவர்கள் உண்டு. தூய தமிழ் வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ‘சுய’வை எடுத்துவிட்டு ‘தன்’னை வைத்தால் பிழை தமிழ்ப் பிழையாகிறதே தவிர, பிழை போகவில்லை. தவறு முன்னொட்டில் இல்லை, ‘ஆட்சி’யில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கீழிருந்து தனியே பாடத்திட்டம் வகுக்க அனுமதி பெற்ற கல்லூரியைத் தன்னாட்சிக் கல்லூரி என்கிறோம். அங்கே அது பொருந்தும். ஐரோப்பாவுக்குள்ளேயே அந்தச் சொல்லுக்கு உரிய இடங்களும் இருக்கின்றன: ஸ்பெயினில் கட்டலோனியா, இத்தாலியில் தென் டிரோல், பின்லாந்தில் ஆலந்து தீவுகள். இவை தன்னாட்சிப் பகுதிகள். ஒரே செய்திப் பக்கத்தில் கட்டலோனியாவின் தன்னாட்சியும் ஐரோப்பாவின் தன்னாட்சியும் வந்தால், வாசகர் இரண்டையும் ஒரே சரக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இதில் அரசியல் சிக்கலும் உண்டு. இந்தத் தொடரே ஐரோப்பாவில் சண்டைக்குரியது. 2020 நவம்பரில் அப்போதைய ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் கிராம்ப்-காரன்பவர் அது ஒரு மாயை என்ற பொருளில் எழுத, பிரெஞ்சு அதிபர் மக்ரோன் வெளிப்படையாக மறுத்தார். போலந்துக்கும் எஸ்தோனியா முதலான பால்டிக் நாடுகளுக்கும் உள்ள அச்சம், இந்தப் பேச்சு நேட்டோவிலிருந்து விலகும் பேச்சாகிவிடுமோ என்பது. இல்லை, நேட்டோவுக்குள்ளேயே வலுவான தோளாக இருப்பதுதான் எண்ணம் என்கிறது மறுதரப்பு. ‘சுயாட்சி’ என்று தமிழில் எழுதுகிறவர், தாம் அறியாமலேயே முதல் தரப்பின் அச்சத்தை மெய்யென்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

அடுத்த போட்டிச் சொல் ‘தற்சார்பு’. அழகான சொல், வேளாண்மைக்கும் சிற்றூர்ப் பொருளாதாரத்துக்கும் நன்றாகப் பொருந்தும். ஆனால் தனக்கு வேண்டியதைத் தானே விளைவித்துக்கொள்வது என்ற பொருளை அது இழுத்து வருகிறது. ஐரோப்பியர்கள் அதைக் கேட்கவில்லை. 2024இல் நடைமுறைக்கு வந்த முக்கிய மூலப்பொருள்கள் சட்டத்தைப் பாருங்கள். 2030க்குள் ஆண்டுத் தேவையில் 10 விழுக்காட்டை ஒன்றியத்துக்குள் தோண்டியெடுக்க வேண்டும், 40 விழுக்காட்டை உள்ளே பதப்படுத்த வேண்டும், 25 விழுக்காட்டை மறுசுழற்சியில் பெற வேண்டும். எந்த ஒரு வெளிநாட்டிடமிருந்தும் 65 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. தோண்டுவதில் வெறும் பத்து விழுக்காட்டை இலக்காக வைத்திருப்பவரைத் தற்சார்பு தேடுகிறார் என்று எப்படிச் சொல்வது? அவர் தேடுவது, ஒருவர் கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு.

இனி ‘மூலோபாயம்’. ஈழத்து எழுத்தில் மூலோபாயம், தந்திரோபாயம் என்ற இணை நெடுநாளாகப் புழங்குகிறது. முன்னது பெருந்திட்டம், பின்னது களச்சூழ்ச்சி. அந்த இணை தெரிந்தவருக்குப் புரியும். தமிழ்நாட்டு வாசகருக்கு அது மூலம், உபாயம் என்று இரண்டு துண்டாகத்தான் தெரிகிறது. ‘வியூக சுயாட்சி’ இன்னும் மோசம். வியூகம் ஒரு நாள் போருக்குப் படையை நிறுத்தும் வடிவம், முப்பதாண்டுக் கொள்கை அன்று. ‘உத்திசார்’ என்பதும் சறுக்குகிறது. தொல்காப்பியம் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகள் நூல் எழுதும் நுட்பங்கள். இன்றும் உத்தி என்றால் கையாளும் முறைதான் மனதில் வருகிறது. இந்தத் தொடரில் அந்த அடைமொழி செய்யும் வேலை ஒன்றே ஒன்று: உயிர்நிலையான துறைகளில், அதாவது படை, எரிசக்தி, கணினிச் சில்லு, மருந்து போன்றவற்றில் என்று எல்லை குறிப்பது. துறை எது என்று வாக்கியத்திலேயே தெரிந்தால் அடைமொழி தேவையில்லை. தெரியாத இடத்தில் ‘உயிர்நிலைத் துறைகளில்’ என்று எழுதினால் போதும்.

ஆட்சிக்குப் பதிலாக என்ன சொல்வது? நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: தனித்தியங்கும் வல்லமை. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் தமிழைப் பற்றிச் சொன்னதை நூறாண்டுக்கு மேலாக இந்தச் சொற்களால்தான் சொல்லிவருகிறோம்: வேண்டுமானால் வடமொழியை முற்றிலும் விட்டுவிட்டுத் தமிழால் தனித்தியங்க முடியும், தழைக்கவும் முடியும். அதில் ‘வேண்டுமானால்’ என்பதுதான் உயிர். கடன் வாங்கிய சொல் தமிழில் இல்லை என்று அவர் சொல்லவில்லை. வாங்காமலும் வாழ முடியும் என்றார். ‘தேவைப்படும் நேரத்தில் தனியாக, இயன்ற இடத்திலெல்லாம் கூட்டாளிகளோடு’ என்பதும் இதே கணக்குத்தான். தன்வலி, துணைவலி இரண்டையும் வேறு வேறாக எடைபோடச் சொன்ன குறளின் மொழியில் இந்தக் கருத்துக்குச் சொல் பஞ்சம் வருமா?

எரிசக்தியில் வைத்துப் பார்த்தால் சொல்லின் பொருத்தம் கண்ணுக்கே தெரியும். 2014 வரை லித்துவேனியா தன் இயற்கை எரிவாயு முழுவதையும் ரஷ்ய அரசு நிறுவனமான காஸ்ப்ரோமிடம்தான் வாங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் கிளைப்பெடா துறைமுகத்துக்கு ‘இண்டிபெண்டன்ஸ்’ என்ற கப்பல் வந்து நின்றது. கழித்தல் 162 டிகிரி செல்சியசில் திரவமாக வரும் வாயுவை 1,70,000 கன மீட்டர் வரை தொட்டிகளில் வாங்கி, சூடாக்கி, மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் விடும் மிதக்கும் நிலையம் அது. கப்பல் வருவதற்கு முன்பே காஸ்ப்ரோம் விலையைக் குறைத்தது. 2022 ஏப்ரலில் லித்துவேனியா ரஷ்ய வாயுவை அறவே நிறுத்தியது. இன்றும் அந்த நாட்டுக்குச் சொந்த வாயு கிடையாது, எல்லாம் இறக்குமதிதான். ஆகவே அது தற்சார்பு ஆகாது. யாரும் எதையும் வழங்கவில்லை, ஆகவே சுயாட்சியும் ஆகாது.

மின்சாரத்தில் இன்னும் நேரடியாகவே நடந்தது. எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றின் மின்தொகுப்பும் சோவியத் காலத்திலிருந்து ரஷ்யத் தொகுப்போடு பிணைந்திருந்தது. மின்னோட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு ஐம்பது ஊசலாட்டத்தை, நிலையாகப் பிடித்து வைத்திருந்தது மாஸ்கோ. 2025 பிப்ரவரி 8 காலையில் அந்த இணைப்பைத் துண்டித்தார்கள். மறுநாள் போலந்து வழியாக ஐரோப்பியக் கண்டத் தொகுப்போடு சேர்ந்தார்கள். இடைப்பட்ட ஒரு நாளும் மூன்று நாடுகளும் தனித்தே இயங்கின. மின் உற்பத்தி எதுவும் செய்யாமல், கனத்த சுழலியின் உந்தத்தாலேயே அதிர்வெண் ஆட்டத்தைத் தாங்கும் இயந்திரங்களை இதற்கென்றே முன்கூட்டி நிறுவியிருந்தார்கள். தனித்தியங்க முடியும் என்று காட்டியதும் உடனே இன்னொரு பெரிய தொகுப்பில் சேர்ந்துகொண்டார்கள். இந்த நிகழ்வை ‘மின்சாரச் சுயாட்சி’ என்று எழுதினால் பாதிக் கதை காணாமல் போகும்.

‘தனித்தியங்கும் வல்லமை’ தலைப்புக்கு நீளம் என்பார்கள். பெயர்ச்சொல்லாகவே வைத்திருந்தால்தான் நீளம். தமிழ் வினையால் பேசும் மொழி. ‘ஐரோப்பிய ஒன்றியம் மூலோபாய சுயாட்சியை அடைவதற்கான முயற்சிகளை மேற்கொண்டு வருகிறது’ என்பதை ‘தனித்தியங்க முயல்கிறது ஐரோப்பா’ என்று மூன்று சொல்லில் முடிக்கலாம். 2021இல் ஒன்றியத்தின் வணிகக் கொள்கை இதே தொடருக்கு முன்னால் ‘ஓப்பன்’ என்ற சொல்லைச் சேர்த்தது. ‘திறந்த மூலோபாய சுயாட்சி’ என்று எழுதியவர் அதைத் தாமாவது வாய்விட்டுப் படித்திருப்பாரா? கதவடைக்காமலே தனித்தியங்குவது என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

இதே கையோடு திருத்த வேண்டிய இன்னொரு தொடர் ‘எரிசக்திப் பாதுகாப்பு’. ‘செக்யூரிட்டி’, ‘சேஃப்டி’, ‘டிஃபென்ஸ்’ மூன்றுக்கும் பாதுகாப்பு என்றே எழுதிப் பழகிவிட்டோம். உணவில் கலப்படம் பிடிக்கும் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறை, எல்லோருக்கும் அரிசி கிடைக்கச் செய்யும் சட்டமும் உணவுப் பாதுகாப்புச் சட்டம். எரிசக்தியில் இந்தக் குழப்பம் செய்தியையே கெடுக்கிறது. 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையே கடலடியில் கிடக்கும் எஸ்ட்லிங்க் 2 மின்கேபிள் சேதமடைந்தது. அடுத்த மாதமே நேட்டோ பால்டிக் கடலில் கப்பல்களைக் காவலுக்கு அனுப்பியது. கேபிளைக் கப்பல் காப்பது பாதுகாப்பு. கேபிள் போன அன்று இரவும் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் விளக்கு அணையவில்லையே, அது எரிசக்தி உறுதிப்பாடு.