கிறிஸ்துமஸ் கேக் ஏன் கெடுவதில்லை?

அக்டோபர் பிறந்துவிட்டால் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். நட்சத்திர ஓட்டல் ஒன்றில் நீண்ட மேசை. அதன்மேல் குவியல் குவியலாக உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, முந்திரி, ஆரஞ்சுத் தோல். சுற்றிலும் வெள்ளைத் தொப்பியும் கையுறையும் அணிந்த விருந்தினர்கள் பாட்டில் பாட்டிலாக ரம்மைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்குப் பெயர் 'கேக் மிக்சிங்'. டிசம்பர் கடைசியில் சாப்பிடப்போகும் கேக்குக்கு இப்போதே என்ன அவசரம் என்று கேட்டால், "ஊற ஊறத்தான் ருசி, ரம் இருப்பதால் கெடாது" என்பார்கள். முதல் பாதி பெருமளவு உண்மை. இரண்டாவது பாதியைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

ஊறப்போட்ட ஜாடியிலிருந்தே தொடங்கலாம். ஒரு கிலோ உலர்பழத்தில் ஏறத்தாழ 150 கிராம் தண்ணீர் இருக்கும். அதில் 300 மில்லி ரம் ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம், அதாவது சுமார் 128 மில்லி. மீதி 172 மில்லி தண்ணீர்தான். பழத்தின் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஊறி முடிந்த பழத்துக்குள் இருக்கும் திரவத்தில் ஆல்கஹால் 28 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஒயினைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டே 15 முதல் 18 சதவீதத்துக்குள் மூச்சு முட்டி வேலையை நிறுத்திவிடும். ஆகவே ஜாடிக்குள் இருக்கும்வரை ரம்தான் காவல், சந்தேகமில்லை. மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது.

ரம்முக்குப் பதிலாக ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது. அதில் ஆல்கஹால் கிடையாது. உலர்பழத்தின் சர்க்கரையும் சாற்றின் தண்ணீரில் கரைந்து நீர்த்துவிடும். ஈஸ்ட்டுக்கு அதைவிட நல்ல விருந்து வேண்டியதில்லை. இரண்டே நாளில் மூடியைத் திறந்தால் குமிழி கிளம்பும். சாறு என்றால் ஓர் இரவு ஊறினால் போதும், அதுவும் குளிர்பதனப் பெட்டியில்.

இனி அடுப்புக்கு வருவோம். பெரிய பழக் கேக்கை 140, 150 டிகிரி செல்சியஸில் இரண்டரை மணி நேரமாவது வேகவிடுகிறோம். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிப்பது. மாவில் கலந்து வேகும் ஆல்கஹாலில் ஒரு மணி நேரத்துக்குப் பின் 25 சதவீதமும், இரண்டரை மணி நேரத்துக்குப் பின் 5 சதவீதமும் எஞ்சும் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை. நம் 128 மில்லியில் மிஞ்சுவது ஆறேழு மில்லி. இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள கேக்கில் அந்த ஆறேழு மில்லி எந்தப் பூஞ்சையையும் மிரட்டாது. ரம் விட்டுப்போவது மணத்தை மட்டும்தான். கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைடு, வெனிலாவின் வெனிலின் எல்லாம் தண்ணீரைவிட ஆல்கஹாலில் எளிதாகக் கரைபவை. மசாலாவையும் பழத்தோடு சேர்த்தே ஊறப்போடுவது இதற்காகத்தான்.

அப்படியானால் வெந்த கேக்கை வாரக்கணக்கில் காப்பது எது? சர்க்கரை.

கேக்கில் தண்ணீர் இல்லாமல் இல்லை. எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீராகவே இருக்கக்கூடும். ஆனால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது நுண்ணுயிருக்கு முக்கியமல்ல, அதில் எவ்வளவு தனக்குக் கிடைக்கும் என்பதுதான் முக்கியம். வங்கியில் நிரந்தர வைப்பில் போட்ட பணம் கணக்கில் தெரியும்; அவசரத்துக்குக் கடைக்குப் போனால் கையில் இருப்பதுதான் உதவும். சர்க்கரை மூலக்கூறுகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வந்து விழும் பாக்டீரியா தண்ணீரைக் குடிப்பதற்குப் பதிலாகத் தன் உடலில் உள்ள தண்ணீரையே பறிகொடுக்கிறது. கருவாட்டில் உப்பு செய்வதும் இதே வேலைதான்.

இந்தக் கிடைக்கும் தண்ணீரை அளக்கும் அளவைக்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். தூய நீருக்கு 1. எலும்பாக உலர்ந்த பொருளுக்கு 0. உணவு கெடுவது ஈரத்தின் அளவைவிட இந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது என்பதை 1950களில் தெளிவாக்கியவர் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட். பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே பெருகாது. வயிற்றைக் கெடுக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பிடிவாதக்காரன், 0.86 வரை தாக்குப்பிடிக்கும். சாதாரணப் பூஞ்சைகள் 0.80 அருகில் ஓய்ந்துவிடும். வறட்சியிலும் வாழப் பழகிய சில பூஞ்சைகளும் ஈஸ்ட்களும் 0.61 வரை இறங்கி வரும். அதற்குக் கீழே எதுவும் வளராது. ரொட்டியின் எண் 0.95 அளவில் இருக்கும். அது மூன்றாம் நாளே பூசணம் பூத்து நிற்கிறது. நன்றாகச் செய்த பழக் கேக் 0.75 முதல் 0.80 வரை இருக்கும்.

வெறும் சீனியைக் கொட்டினாலே இந்த எண் வந்துவிடாதா? வராது. அறை வெப்பத்தில் சீனி இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்தாலும் அந்தப் பாகின் நீர்ச் செயல்பாடு 0.85 அருகிலேயே நின்றுவிடும். உலர்திராட்சையிலும் பேரீச்சையிலும் இருப்பவை குளுக்கோஸும் பிரக்டோஸும். இவற்றின் மூலக்கூறுகள் சிறியவை. ஒரே எடைக்கு எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பு. பிரக்டோஸ் தண்ணீரில் கரையும் அளவும் மிக அதிகம். அதன் கெட்டிக் கரைசல் 0.63 வரை இறங்கும். உலர்திராட்சையின் எடையில் பாதிக்கு மேல் இத்தகைய சர்க்கரைதான். பழத்தைக் குறைத்துச் சீனியைக் கூட்டிச் செய்யும் மலிவு கேக் சீக்கிரம் பூசணம் பிடிப்பதில் வியப்பில்லை. இடையிடையே கண்ணைப் பறிக்கும் சிவப்பு, பச்சை டூட்டி ஃப்ரூட்டி பச்சைப் பப்பாளிதான் என்றாலும், பாகில் ஊறி ஊறித் தன் தண்ணீரை விட்டுச் சர்க்கரையை ஏற்றுக்கொண்டதால் அதுவும் இந்தக் காவல் படையில் ஓர் ஆள்தான்.

ஊறவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் முதன்மையானது. உணவுப் பொருள்களுக்குள் தண்ணீர் எப்போதும் நீர்ச் செயல்பாடு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு நகரும். கடையில் வாங்கிய உலர்திராட்சையின் எண் 0.6-க்குள் இருக்கும். அதை அப்படியே மாவில் போட்டு வேகவைத்தால், வெந்தபின் திராட்சை சுற்றியுள்ள கேக்கின் ஈரத்தை நாள்தோறும் உறிஞ்சும். பழம் பருக்கும், கேக் புழுதியாக உதிரும். முன்கூட்டியே ஊறவைத்த பழத்துக்கு அந்தத் தாகம் இல்லை. மாறாக, அதன் ஈரம் மெல்ல மெல்லக் கேக்கின் மாவுப் பகுதிக்குக் கசியும். வெந்த அன்றே வெட்டினால் உதிரும் கேக், இரண்டு மூன்று வாரம் கழித்துக் கத்தியில் ஒட்டாமல் வில்லை வில்லையாக வருவது இந்த நகர்வு முடிந்து உள்ளெங்கும் ஒரே எண் வந்த பிறகுதான். இங்கிலாந்தில், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறன்று கிறிஸ்துமஸ் புட்டிங்கைக் கிளறிவைக்கும் வழக்கம் உண்டு. அந்த நான்கைந்து வாரம் வீணல்ல.

எவ்வளவு காலம்தான் தாங்கும்? நியூசிலாந்தின் அண்டார்க்டிக் பாரம்பரிய அறக்கட்டளையினர் 2017-இல் கேப் அடேர் என்ற முனையில் உள்ள பழைய மரக்குடிலில் ஒரு பழக் கேக்கைக் கண்டெடுத்தார்கள். ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் நிறுவனத் தயாரிப்பு. தென்துருவப் பயணி கேப்டன் ராபர்ட் ஸ்காட்டின் 1910-13 பயணக் குழுவினர் விட்டுப்போனது என்று கருதப்படுகிறது. தகர டப்பா துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே கேக் நூறு ஆண்டு கடந்தும் பார்வைக்கும் மணத்துக்கும் ஏறக்குறைய உண்ணும் நிலையில் இருந்தது. குளிரும் உதவியிருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கண்டெடுத்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: வெண்ணெய் கெட்டால் வரும் சிக்கு வாடை மிக இலேசாக இருந்ததாம். நுண்ணுயிர் அண்டவில்லை; ஆக்சிஜன் அண்டிவிட்டது. சர்க்கரையால் தடுக்க முடியாத எதிரி அது. கொழுப்பைக் காற்று மெல்ல அரிப்பதை நீர்ச் செயல்பாடு தடுப்பதில்லை. முந்திரியையும் பாதாமையும் பழத்தோடு சேர்த்து மாதக்கணக்கில் ஊறப்போடாமல், மாவு கலக்கும் அன்று புதிதாக வாங்கிச் சேர்ப்பது நல்லது.

பனிப்பிரதேசக் கதை இருக்கட்டும். வெக்கை மிகுந்த நம் பக்கத்தில் என்ன செய்தார்கள்? 1883-இல் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர், அஞ்சரக்கண்டித் தோட்டத்து ஆங்கிலேயர் பிரவுன் கொண்டுவந்து காட்டிய மாதிரியைப் பார்த்துக் கேக் செய்தார் என்றும், பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ப் பழச் சாராயத்தைச் சேர்த்தார் என்றும் கேரளத்தில் சொல்வார்கள். இலங்கையின் 'ரிச் கேக்' இன்னும் சாமர்த்தியமானது. கோதுமை மாவுக்குப் பதில் ரவை. உலர்பழத்தோடு பாகில் போட்ட நீற்றுப் பூசணி, சௌ சௌ, இஞ்சி. பொடியாக நறுக்கிய முந்திரி, தேன், பன்னீர், பிராந்தி. மாவு குறைவு, சர்க்கரையேறிய பண்டங்கள் மிகுதி. வெந்ததும் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே மெழுகுத்தாளில் சுற்றிவிடுவார்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது மேற்பரப்பில் என்பதால், துண்டுக்கொரு உறை என்பது வெறும் அழகு வேலையல்ல.

வெந்த கேக்கில் குச்சியால் குத்தி வாரம் ஒருமுறை இரண்டு கரண்டி பிராந்தி விடுவதும் மேற்பரப்புக்கான காவல்தான். 0.75-இலும் துளிர்க்கக்கூடிய வறட்சிப் பூஞ்சைகள் உண்டு என்று பார்த்தோம் அல்லவா? அவை வந்து இறங்கும் இடத்தில் ஆல்கஹால் ஆவி இருந்தால் முளைவிடத் தயங்கும். இந்தப் பிராந்தி அடுப்பைக் காணாதது, அதனால் முழுசாக அப்படியே இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் கேக்கில் இதைத் தவிர்க்க வேண்டும். பிறகு எண்ணெய்த்தாளில் சுற்றி, அதற்கு மேல்தான் அலுமினியத்தாள். பழத்தின் அமிலம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் நேரடியாகச் சுற்றக் கூடாது. குளிர்பதனப் பெட்டியும் வேண்டாம். வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகிக் கேக்கைக் கட்டையாக்கும் மாற்றம் உறைநிலைக்குச் சற்று மேலேதான் மிக வேகமாக நடக்கும். ஆல்கஹாலே சேராத கேக்குக்கு மட்டும் விதிவிலக்கு: கட்டையானாலும் பரவாயில்லை, பெட்டியில் வையுங்கள்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் அக்கம்பக்கத்துக்குப் போகும் தட்டில் கேக் மட்டும் இருப்பதில்லை. அச்சு முறுக்கும் கல்கலும் கூடவே போகும். இவை காவல் முறையில் கேக்குக்கு நேர் எதிர். எண்ணெயில் பொரியும்போது தண்ணீர் ஆவியாகி வெளியேறிவிடுவதால் இவற்றின் எண் 0.3-க்குள் அடங்கிவிடும். நுண்ணுயிரைப் பற்றிக் கவலையே இல்லை. ஈரக் காற்றைப் பற்றித்தான் கவலை. நீர்ச் செயல்பாட்டை நூறால் பெருக்கினால், அந்தப் பொருள் ஈரத்தை வாங்கவும் கொடுக்கவும் செய்யாத காற்றின் ஈரப்பத சதவீதம் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுதாக ஓயாத டிசம்பரில், கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டி நிற்பது சாதாரணம். கேக்கின் எண்ணும் அதுவேதான். அதனால் திறந்து வைத்த கேக் அவ்வளவாகக் காய்வதுமில்லை, நனைவதுமில்லை. அச்சு முறுக்கோ ஒரு மாலைப்பொழுதிலேயே நமத்துப்போகும். மொறுமொறுப்பு என்பது மாவுச்சத்தும் சர்க்கரையும் கண்ணாடிபோல் விறைத்து நிற்கும் நிலை; கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் அது இளகிவிடும்.

ஆகவே இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்து அன்பளிப்பாகக் கொடுத்தால், மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பயனில்லை. உள்ளேயே கேக்கிலிருந்து முறுக்குக்கு ஈரம் போய்க்கொண்டிருக்கும். கேக் ஓரம் வறண்டுபோகும், முறுக்கு தொய்ந்துபோகும். தனித்தனி டப்பா, அல்லது தட்டை வீட்டிலிருந்து புறப்படும் நேரத்தில் அடுக்குவது. நமத்துவிட்ட முறுக்கை 100 டிகிரி ஓவனில் சில நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டால் ஈரம் பறந்து மறுபடி நொறுங்கும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கியிருந்தால் மட்டும் அந்த வைத்தியம் பலிக்காது. அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.