ஜனவரி பிறந்தால் என் மேசைக்கு ஜெய்சல்மேர் வந்துவிடும்

கேமரா பழுதுபார்ப்பது என் தொழில். அரையாண்டு விடுமுறை முடிந்த கையோடு யாராவது ஒருவர் லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "ஜூம் வளையத்தைத் திருப்பினால் கரகரவென்கிறது, சார்." ராஜஸ்தான் போயிருந்தீர்களா என்று கேட்டால், எப்படித் தெரியும் என்பார். வளையத்தின் மேலுள்ள ரப்பர் பட்டையை உருவி வெள்ளைத் தாளில் தட்டுவேன். வெளிர்மஞ்சளாக மணல் உதிரும். அதுதான் பதில்.

குறை சொல்ல எனக்கும் தகுதியில்லை. ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியிருக்கும் சாம் மணற்குன்றுகளில் விடியலுக்காகக் குளிரில் விறைத்து நின்றவன்தான் நானும். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் எழ ஏறக்குறைய ஏழரை மணியாகும். அதுவரை பொறுத்தவர்களுக்கு, அது எழுந்ததும் தலைகால் புரியாது. அவசரத்தில் நியாயமும் உண்டு. மணலில் காற்று இழுத்த வரிகளில் அரை செ.மீ. உயரமுள்ள ஒன்றைப் பாருங்கள். சூரியன் தொடுவானத்துக்கு மேல் 3 டிகிரியில் இருக்கும்போது அதன் நிழல் 9 செ.மீ. நீளும். 10 டிகிரிக்கு ஏறினால் 3 செ.மீ.கூட இராது, குன்று மொட்டையாகத் தெரியும். இடையில் கிடைப்பது அரை மணிக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

அந்த அரை மணியில்தான் குன்றின் முகட்டில் லென்ஸ் மாற்றுகிறார்கள். நின்றுகொண்டு மாற்றினாலும் பரவாயில்லை; கை நடுங்குகிறதென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் உட்கார்ந்தேன். மணல் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் துள்ளிப் பறக்கும்; காற்று வேகமெடுக்கும் இடமும் முகடுதான். அங்கே உட்கார்ந்து லென்ஸைக் கழற்றுவது, திறந்த கேமராவை நேராக மணலின் வாயில் நீட்டுவதற்குச் சமம். நீளும் ஜூம் லென்ஸ் என்றால் கழற்றவே வேண்டியதில்லை: ஒவ்வொரு முறை நீளும்போதும் காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு தூசியையும்.

இப்போதெல்லாம் முதல் நாள் இரவே அறையில் ஒரு லென்ஸை மாட்டிவிடுவேன். சாமுக்கு, தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ்தான் என் தேர்வு. மாலையில் ஒட்டகங்களும் ஜீப்புகளும் உழுத தடங்களை அழிக்கும் அளவுக்குக் குளிர்காலத்தில் காற்று வீசுவதில்லை. விடிந்தாலும் அவை அப்படியே கிடக்கும். தடமில்லாத சரிவைத் தூரத்திலிருந்தே வெட்டி எடுக்க டெலி உதவும். நம் காலடியும் படத்தில் விழாது. லென்ஸும் கேமராவும் சேரும் இடத்தை பிளாஸ்டிக் பையால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

முன்கண்ணாடியில் மணல் படிந்தால் சட்டை நுனியைத் தேடாதீர்கள். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது லென்ஸ் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் புளோயரால் ஊதுங்கள், வாயால் அல்ல. எச்சில் தெறித்தால் மணல் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் மீறிக் கரகரத்தால், சரியாகிவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். மணல் உள்ளே அரைபடும். கடைசியாக எந்த நிலையில் நின்றதோ, அப்படியே பையில் வைத்துக் கொண்டுவாருங்கள்.